பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: 'தாது' படும் பாடு

தமிழில் அறிவியல் சரிப்படாது என்று சொல்கிறவர்கள் ஒரு காரணத்தைத் தவறாமல் சொல்வார்கள். "ஒரு வார்த்தைக்குப் பத்து அர்த்தம் வச்சிருக்கிய. அதுல எங்க போயி சயின்ஸ் படிக்கது அண்ணாச்சி?" என்பார்கள். உதாரணம் கேட்டால் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் 'தாது' என்ற சொல்தான். பாடப் புத்தகத்தில் இரும்புத் தாது, சத்துணவுப் பட்டியலில் தாது உப்பு, பேருந்து நிலையத்துச் சுவரில் தாது புஷ்டி லேகியம், கடற்கரையில் தாது மணல், பாட்டி சொன்ன கதையில் தாது வருஷப் பஞ்சம். இப்படி ஊரெல்லாம் சுற்றும் சொல்லை வைத்துக்கொண்டு என்ன விஞ்ஞானம் பேச முடியும் என்பது அவர்கள் வாதம்.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றமே இல்லை. ஒரு பொருளைக் காட்டி இன்னொரு பொருளை விற்கிறார்களே, அதுதான் குற்றம். அந்த வியாபாரம் நம் கண் முன்னால், நம் உடம்பை வைத்தும், நம் குடிதண்ணீரை வைத்தும், நம் ஆற்றை வைத்தும் நடக்கிறது. பழி மட்டும் சொல்லின் தலையில் விழுகிறது.

முதலில் சொல்லின் குடும்பத்தைப் பார்த்துவிடுவோம்.

தாது வடமொழியில் 'தா' என்ற வேரிலிருந்து பிறந்தது. வை, நிறுத்து, தாங்கு என்பது அந்த வேரின் பொருள். ஒரு பொருள் எதனால் ஆகியிருக்கிறதோ, எதன்மேல் நிற்கிறதோ, அது தாது. இந்த ஒரு கருத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். உடம்பு எதனால் ஆனது? சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்று ஏழைச் சொல்கிறது சித்த மருத்துவம். அவை ஏழு உடல் தாதுக்கள். மலை எதனால் ஆனது? அதில் கிடைக்கும் காவிக்கல்லும் உலோகக் கல்லும் தாது. வினைச்சொல் எதனால் ஆனது? அதன் வேர்ச்சொல் தாது. பாணினியின் மரபில் ஏறத்தாழ 2,000 வேர்களைத் தொகுத்த பட்டியலுக்குத் தாதுபாடம் என்றுதான் பெயர். தமிழில் வீரசோழியம் எழுதியவரும் ஒரு படலத்துக்குத் தாதுப் படலம் என்று பெயர் வைத்தார். புத்தர் மறைந்த பிறகு எஞ்சிய எலும்பையும் பல்லையும் பௌத்தர்கள் தாது என்றார்கள். அதை உள்ளே வைத்துக் கட்டிய கட்டடம் தாதுகர்ப்பம். இலங்கைக்குப் போனவர்கள் பார்த்திருக்கும் தாகபா அந்தச் சொல்லின் திரிபுதான்.

பூவின் மகரந்தத்துக்கும் தாது என்று பெயர். பூந்தாது என்று நாம் படித்திருக்கிறோம். மாட்டுத் தொழுவத்தில் உலர்ந்து பொடியாகக் கிடக்கும் சாணத்தைத் தாதெரு என்றார்கள் சங்கப் புலவர்கள். இங்கெல்லாம் துகள், பொடி என்ற பொருள். கையைப் பிடித்து நாடி பார்க்கும் வைத்தியர், "தாது விழுந்துவிட்டது" என்று சொன்னால் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அங்கே தாது என்றால் நாடித் துடிப்பு. இது நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தாது வருஷம் மட்டும் வேறு கதை. அறுபது ஆண்டு வரிசையில் பத்தாவதான அந்த வருஷத்தின் வடமொழிப் பெயர் 'தாத்ரு'. படைப்பவன், தாங்குபவன் என்று பொருள். தமிழ் வாயில் அதுவும் தாது ஆகிவிட்டது. 1876 சித்திரையில் பிறந்த அந்தத் 'தாங்குபவன்' யாரையும் தாங்கவில்லை. 1878 வரை நீடித்த பஞ்சத்தில் தென்னிந்தியாவில் செத்தவர்கள் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பிறகு 1936-லும் 1996-லும் தாது வருஷம் வந்தது, பஞ்சம் வரவில்லை. பெயருக்கும் நடப்புக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

ஆக, ஒரு வேர், அதில் ஏழெட்டுக் கிளை, பக்கத்தில் ஒட்டி முளைத்த இன்னொரு செடி. இவ்வளவுதான். இதில் எங்கே குழப்பம்? "இரும்புத் தாது" என்று கேட்ட எந்தப் பிள்ளையும் மகரந்தத்தை நினைத்துக்கொண்டதாக என் அனுபவத்தில் இல்லை.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்ற நியதி அங்கே இருக்கிறதா? 'மினரல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மைன்' என்கிற சுரங்கத்தோடு உறவுள்ள சொல் அது. சுரங்கத்தில் தோண்டி எடுப்பது என்பது பழைய பொருள். இன்றைக்குப் புவியியல்காரர் மினரல் என்றால், இயற்கையில் உண்டான, இன்ன வேதிப்பொருள் என்று சொல்லக்கூடிய, படிக அமைப்புள்ள திடப்பொருள். டாக்டர் மினரல் என்றால் கால்சியம், இரும்பு, துத்தநாகம். வக்கீல் மினரல் என்றால் சட்டத்தில் எழுதியிருப்பவை எல்லாம். பூமிக்கு அடியில் கிடைக்கும் எண்ணெயும் அதில் சேரும். படிகமாவது, திடமாவது! இங்கிலாந்தில் கடைக்காரரிடம் மினரல் கேட்டால் ஒரு காலத்தில் சோடா கலர் கொடுத்திருப்பார். 'செல்' என்ற சொல் 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலைப் பூதக்கண்ணாடியில் பார்த்து வைத்த பெயர். இன்று அதே சொல் ஜெயில் அறை, டார்ச் லைட் பேட்டரி, சட்டைப் பையில் இருக்கும் போன் எல்லாவற்றுக்கும் ஆகிறது. அதனால் ஆங்கிலத்தில் உயிரியல் படிக்க முடியாது என்று யாராவது சொன்னார்களா? நம் சொல்லுக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச் சட்டம்?

இன்னொன்றும் சொல்கிறேன். 1735-இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் இயற்கைப் பொருள்களை விலங்கு, தாவரம், மினரல் என்று மூன்று அரசுகளாகப் பிரித்தார். நம் சித்த மருத்துவர்கள் மருந்துச் சரக்குகளைத் தாது, மூலம், சீவம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தாது என்றால் உலோகம், உப்பு, பாடாணம். மூலம் என்றால் செடிகொடி. சீவம் என்றால் உயிரினங்களிலிருந்து கிடைப்பவை. இரண்டு பாகுபாடும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறது. குழப்பமான சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு தெளிவான பாகுபாட்டைச் செய்திருக்க முடியுமா?

கலைச்சொல் விஷயத்தில் நம் ஊருக்குத் தனிப் பெருமை உண்டு. 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலானவர்கள் அறிவியல் சொற்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துப் பத்திரிகை நடத்தினார்கள். அடுத்த பெரிய முயற்சி இங்கே திருநெல்வேலியில் நடந்தது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் என்று பெயர். ஆனால் 1934-இல் தொடங்கியது நம் நெல்லையில். இ.மு. சுப்பிரமணிய பிள்ளை அதன் தூண். 1936-இல் சொல்லாக்க மாநாடு கூட்டி, 1938-இல் கலைச்சொற்கள் நூலை வெளியிட்டார்கள். பெருங்குளத்தில் பிறந்த பெ.நா. அப்புஸ்வாமி வக்கீல் தொழிலோடு வாழ்நாளெல்லாம் தமிழில் விஞ்ஞானம் எழுதினார். பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்து முடித்த வையாபுரிப் பிள்ளையும் நெல்லைச் சீமைக்காரர்தான். இவர்கள் யாரும் பல பொருள் இருக்கிறதே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. எந்தத் துறையில் எந்தப் பொருள் என்று பிரித்து வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார்கள்.

அந்த உழைப்பின் பலனை இன்று பத்தாம் வகுப்புப் பையன் அனுபவிக்கிறான். அவன் புத்தகத்தில் கனிமம் வேறு, தாது வேறு. பூமியில் உலோகம் கலந்து கிடைக்கும் பொருள் எல்லாம் கனிமம். அவற்றில் எதிலிருந்து கட்டுப்படியாகிற செலவில் உலோகத்தைப் பிரித்தெடுக்க முடியுமோ அது மட்டும் தாது. களிமண்ணிலும் அலுமினியம் உண்டு, பாக்சைட்டிலும் உண்டு. களிமண் கனிமம், பாக்சைட் தாது. எல்லாத் தாதும் கனிமம், எல்லாக் கனிமமும் தாது ஆகாது என்று இந்த வரியை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேனோ தெரியாது.

தாது வடமொழி, ஆகவே எங்கும் கனிமம் என்றே எழுதுவோம் என்பாரும் உண்டு. அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கனிமத்தில் உள்ள 'கனி' பழம் இல்லை. சுரங்கம் என்று பொருள்படும் வடசொல்தான் அது. தோண்டு என்ற வேரிலிருந்து வந்தது. முன்வாசல் வழியாகப் போனதைப் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்திருக்கிறோம். அதனால் ஒன்றும் நஷ்டம் இல்லை, நல்ல சொல்தான். ஆனால் அதற்கும் பல பொருள் சேர்ந்துவிட்டதைக் கவனியுங்கள். கனிம வேதியியல் என்றால் சுரங்கத்து வேதியியல் மட்டுமா? கரிமச் சேர்மங்கள் நீங்கலாக மற்றெல்லாப் பொருள்களையும் பற்றிய வேதியியல் அது. சொல்லை மாற்றினால் பல பொருள் தீராது. புழங்குகிற சொல் எதுவானாலும் பொருள் பெருகத்தான் செய்யும்.

இனி குற்றவாளிகளைப் பார்ப்போம்.

முதல் குற்றவாளி சுவரொட்டிக்காரர். "தாது நஷ்டமா? நரம்புத் தளர்ச்சியா? மாதத்தின் முதல் செவ்வாய் இன்ன லாட்ஜில் நேரில் சந்திக்கவும்" என்று பஸ் நிலையம், மூத்திரச் சந்து, ரயில்வே மேம்பாலம் எங்கும் ஒட்டியிருப்பதைப் பார்க்காதவர் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. அவர் செய்கிற வேலை என்ன? சித்த மருத்துவம் சொன்ன தாது ஏழு. அவற்றில் கடைசி ஒன்றை மட்டும் பிடுங்கி எடுத்து, அதற்கே தாது என்ற முழுப் பெயரையும் சூட்டி, அது போனால் உடம்பே போயிற்று என்று மிரட்டுகிறார். ஏழு தாதும் தேய்ந்தால் மனிதன் தேய்வான் என்பது பழைய மருத்துவக் கருத்து. ஒரு வாலிபனுக்குத் தூக்கத்தில் இயல்பாக நடப்பதை அந்தக் கருத்தோடு முடிச்சுப் போட்டது வியாபாரம்.

பிளஸ் டூ படித்த ஒரு பையன் என்னிடம் வந்தது ஞாபகம் இருக்கிறது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் ஆறே மாதத்தில் கன்னம் ஒட்டி, பேச்சுக் குறைந்து, பரீட்சையில் பின்தங்கிப் போனான். ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நாலாக மடித்த ஒரு நோட்டீஸை நீட்டினான். "சார், தாதுங்கறது போச்சுன்னா திரும்ப வராதா சார்?" என்று கேட்டான். டியூஷனுக்கு அப்பா கொடுத்த பணமெல்லாம் லாட்ஜ் லேகியத்துக்குப் போயிருந்தது. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த தாதுவுக்கும் அவன் பயந்த தாதுவுக்கும் ஒரே எழுத்து. நான் சொன்னது மார்க்குக்கு, நோட்டீஸ்காரர் சொன்னது உயிருக்கு என்று அவன் எடுத்துக்கொண்டான். அவனை உட்கார வைத்து, உடம்பு ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிற ஒரு பொருள் வெளியேறினால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று புரியவைக்க ஒரு சாயங்காலம் பிடித்தது. அப்புறம் ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

அவன் ஒருவன் கதை இல்லை இது. 1960-இல் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் இந்தப் பயத்தையே ஒரு நோயாகக் கண்டு அதற்குத் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. நினைத்துப் பாருங்கள். நோய்க் காரணம் கிருமி இல்லை, ஊட்டக் குறைவு இல்லை. ஒரு சொல்லின் பொருளைத் திருப்பிவிட்டதால் பிடித்த பயம்தான் நோய்! இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடை செய்ய 1954-லேயே மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சுவரொட்டியின் பசை மட்டும் இன்னும் காயவில்லை.

இதில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. அந்த லேகியத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "தாது சரக்கு" என்பார்கள். இப்போது தாது என்றால் உலோகம்! முறையாகச் சுத்தி செய்து, படித்த மருத்துவர் அளவு பார்த்துக் கொடுப்பது வேறு. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஐந்து வருடம் படித்துவிட்டு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. லேபிள் இல்லாத டப்பாவைச் சொல்கிறேன். 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் 70-ஐ வாங்கிச் சோதித்தார்கள். 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உடல் தாதுவைப் பெருக்குகிறேன் என்று உலோகத் தாதுவை ஊட்டினால் கெடுவது சிறுநீரகம். முழங்கால் வலிக்கு, சர்க்கரைக்கு என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி விழுங்குகிற நம் வயதுக்காரர்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குற்றவாளி தண்ணீர்க் கேன். கல்யாண வீடு, சாவு வீடு எங்கு போனாலும் "மினரல் வாட்டர் வச்சிருக்கு" என்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. இயற்கை ஊற்றிலிருந்து அதன் தாது உப்புகளோடு அப்படியே அடைத்து வருவது ஒன்று, அதற்கு ஐ.எஸ். 13428 என்ற எண். எந்தத் தண்ணீரையாவது எடுத்துச் சுத்திகரித்து அடைப்பது மற்றொன்று, அதற்கு ஐ.எஸ். 14543. நம் தெருவில் இறங்கும் கேனில் எந்த எண் இருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். சிலவற்றில் எண்ணே இருக்காது. இருந்தால் அநேகமாக 14543-ஆகத்தான் இருக்கும். ஆர்.ஓ. இயந்திரத்தின் வேலையே தண்ணீரில் கரைந்திருக்கும் தாது உப்பை வடிகட்டி வெளியே தள்ளுவது. சிலர் கடைசியில் கொஞ்சம் உப்பைத் திரும்பச் சேர்க்கிறார்கள். தாதுவை எடுத்துவிட்ட தண்ணீருக்குத் தாதுத் தண்ணீர் என்று பெயர்! பாலாடையை எடுத்துவிட்டு ஆடைப்பால் என்று விற்றால் விடுவோமா? பொதிகையிலிருந்து இறங்கி வரும் தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாம், கேனுக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். வாங்கட்டும், ஆற்றில் சாக்கடையைக் கலந்துவிட்ட பிறகு வேறு வழியில்லை. ஆனால் பெயரையாவது சரியாகச் சொல்லிக் கொடுக்கட்டும்.

மூன்றாவது குற்றம்தான் பெரிது.

நம் கடற்கரையில் உவரி, பெரியதாழை பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அலை வந்து போன இடத்தில் கறுப்பும் சிவப்புமாக வரி வரியாக மணல் கிடக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கூடவே சிர்கான், ரூட்டைல், மோனசைட். மலைப் பாறைகள் யுகக் கணக்கில் நைந்து, ஆறும் ஓடையும் இழுத்து வந்து கடலில் சேர்த்தவை. சாதாரண வெள்ளை மணல் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். கார்னெட் நாலு மடங்கு, இல்மனைட் கிட்டத்தட்ட 4.7 மடங்கு. அலை அடித்து அடித்து லேசானதை இழுத்துக்கொண்டு போக, கனமானது கரையில் தங்கிவிடுகிறது. சுளகில் புடைக்கிற மாதிரிதான். கடல் புடைக்கிறது.

பன்னெடுங்காலம் அது வெறும் மணல். 1909 வாக்கில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதிலுள்ள தோரியம் அந்தக் காலத்துக் காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. நம் கல்யாண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கில் பளீரென்று எரியுமே அந்தப் பட்டு வலை, அதுதான். விலை வந்தது, மணல் தாது ஆகிவிட்டது. மணல் மாறவில்லை, மார்க்கெட் மாறியது. தாது என்பதற்குப் பாடப் புத்தகம் சொன்ன இலக்கணத்தில் 'கட்டுப்படியாகிற செலவில்' என்ற ஒரு சொற்றொடர் இருந்ததே, அதன் விளைவு இது.

ஆனால் அந்தக் கட்டுப்படியை யார் கணக்குப் போட்டது? கடல் அரிப்பைத் தடுக்கும் தேரியும் மணல்மேடும், வள்ளம் இழுத்துப் போடும் கரையும், மீன் காயப்போடும் இடமும் அந்தக் கணக்கில் வரவில்லை. 2013-இல் மாநில அரசு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் தாது மணல் எடுக்கத் தடை போட்டது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விவகாரத்தை சி.பி.ஐ. விசாரிக்கும்படி உத்தரவிட்டது. விசாரணை அதன் போக்கில் நடக்கட்டும். நான் கேட்பது வேறு. தாது என்றால் தாங்குவது. கரையைத் தாங்குகிற மணல் கரைக்குத் தாது இல்லையா? கப்பலில் ஏறினால்தான் தாதுவா?

கடற்கரை மணலுக்குத் தாது என்று பெரிய பெயராவது கிடைத்தது. ஆற்று மணலுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? சிறுகனிமம்! 1957-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் கட்டடக் கல், சரளை, சாதாரணக் களிமண், 'சாதாரண மணல்' எல்லாவற்றையும் அப்படித்தான் வகைப்படுத்தியது. அவற்றுக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநிலத்துக்குக் கொடுத்தது. 1959-இல் இங்கே விதிகளும் வந்தன. நிர்வாக வசதிக்காக வைத்த பெயர், அது போகட்டும். ஆனால் சிறு என்ற அந்த ஒரு சொல் அதிகாரிகளின் மனதிலும் புகுந்துகொண்டது. சின்னச் சாமான்தானே, நாலு லோடு போனால் என்ன?

அந்தச் சின்னச் சாமான் செய்கிற வேலையைப் பாருங்கள். மணல் குருணைகளுக்கு இடையில் உள்ள சந்து பொந்தெல்லாம் தண்ணீர் நிற்கும். மேலே ஆறு வற்றினாலும் அடியில் ஈரம் ஓடும். சித்திரை வெயிலில் ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்டு வந்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். குடிநீர்த் திட்டங்களின் உறைகிணறுகள் நிற்பதும் அந்த மணலை நம்பித்தான். மணலை வாரிவிட்டால் ஆற்றுப் படுகை தாழும். கால்வாய் மடை மேலே நிற்கும், தண்ணீர் கீழே ஓடும். கரையோரத்துக் கிணறு வற்றும். கடலுக்குப் பக்கத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். இதைப் பொறுக்காமல் ஸ்ரீவைகுண்டத்துக்காரரான இரா. நல்லகண்ணு, எண்பது வயது தாண்டிய நிலையில், நீதிமன்றத்துக்குப் போய்த் தாமே வாதாடினார். 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது. சிறுகனிமத்துக்கு வாதாட அவ்வளவு பெரிய மனிதர் வேண்டியிருந்தது.

இப்போது சொல்லுங்கள். பையனைப் பயமுறுத்தியதும், வெறும் தண்ணீரைத் தாதுத் தண்ணீர் ஆக்கியதும், ஆற்றின் உயிரைச் சிறுசு என்று சொன்னதும் தமிழ்ச் சொல்லின் குறையா? மூன்றிலும் பேசியவர் ஒரு பொருளைச் சொல்லி, கேட்டவரை வேறொரு பொருளை நினைக்க வைத்தார். ஆங்கிலத்துக்கு மாறினால் இது தீருமா? 'மினரல் வாட்டர்' ஆங்கிலம்தான். 'மைனர் மினரல்' ஆங்கிலம்தான். ஏமாற்று அங்கிருந்து மொழிபெயர்ப்பாகி வந்ததே தவிர, இங்கே பிறக்கவில்லை.

பாடப் புத்தகக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். தாதுவுக்கு இலக்கணம் சொல்லும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு, இந்தச் சொல் மருத்துவத்தில் இது, தாவரவியலில் இது, இலக்கணத்தில் இது, உணவில் இது என்று நாலு வரி எழுதுங்கள். அதோடு, தாது நஷ்டம் என்ற பெயரில் ஒரு நோயே கிடையாது என்று ஐந்தாவது வரியையும் கூச்சமில்லாமல் எழுதுங்கள். வகுப்பில் ஆசிரியர் சொல்லாத பொருளை லாட்ஜ்காரர் சொல்லிக்கொடுப்பார். விதிகளை எழுதும் துறையினருக்கு இன்னொன்று: ஆற்று மணலை வேறு எப்படி வேண்டுமானாலும் வகைப்படுத்துங்கள், சிறு என்ற அடைமொழியைத் தமிழில் எடுத்துவிடுங்கள். அதனால் அரசுக்குக் காலணா நஷ்டம் வராது.

நம்மைப் போன்ற கிழவர்களும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. யார் வாயிலிருந்து தாது என்ற சொல் வந்தாலும், "எந்தத் தாது தம்பி?" என்று ஒரு கேள்வி கேட்டுவையுங்கள். நேர்மையாகப் பேசுகிறவர் உடனே பதில் சொல்லிவிடுவார். மழுப்புகிறவர் உங்கள் பையையோ, பேரன் பையையோ, ஆற்றையோ பார்த்துக்கொண்டு பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.